பரிமாணம் என்ற சொல்லை யார் எழுதுவது

4 மார்ச் 2025, செவ்வாய்

களஞ்சியக் குழுவின் கடிதம் வந்தது. பள்ளி மாணவர்களுக்கான அறிவியல் சொற்களஞ்சியத்துக்கு நான்கு வருடங்களாக எழுதிக் கொடுக்கிறேன். விசை, முடுக்கம், அழுத்தம், அடர்த்தி என்று இதுவரை அறுபத்து மூன்று சொற்கள். 'பரிமாணம்' என்னுடையது என்று முதல் கூட்டத்திலேயே சொல்லி வைத்திருந்தேன். தலைவர் தலையை ஆட்டினார். அதை வாக்கு என்று எடுத்துக்கொண்டது என் தவறு.

கடிதத்தில் இருப்பது இது: "'பரிமாணம்' கட்டுரையைத் தங்கள் பள்ளியின் தமிழாசிரியர் திரு. பாலகுரு எழுதுகிறார். அறிவியல் சரிபார்ப்புப் பொறுப்பு தங்களுடையது."

அவன் சமைப்பான். நான் அரிசியில் கல் பொறுக்க வேண்டும்.

இன்று ரமலானின் மூன்றாவது நோன்பு. நாக்கு வறண்டிருந்தது.

5 மார்ச், புதன்

மனைவி சுரையாவிடம் சொன்னேன். இருபத்தேழு வருடம் இயற்பியல் நடத்தியவனுக்கு இல்லாத சொல், வெண்பா நடத்துகிறவனுக்கு எப்படிப் போகும் என்று கேட்டேன். பாலகுரு என்னைவிட எட்டு வயது இளையவன். பள்ளியில் சேர்ந்தபோது கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைக் காட்டிக் கொடுத்ததே நான்தான். 2011இல் என் மாணவர்கள் செய்த கண்காட்சிக்கு மேடையில் அவன் பேசினான், சால்வை அவனுக்குப் போனது. இப்போது யூடியூபில் 'ஐந்து நிமிடத்தில் ஒரு சொல்' என்று பேசுகிறான். நாற்பதாயிரம் பேர் பார்க்கிறார்களாம்.

"நோன்பு வச்சிக்கிட்டு புறம் பேசாதீங்க" என்றாள்.

பேசவில்லை. எழுதுகிறேன். எழுதினால் நோன்பு முறியும் என்று யாரும் சொன்னதில்லை.

6 மார்ச்

என் பழைய நோட்டைத் தேடி எடுத்தேன். இந்தச் சொல்லைக் கண்ட இடத்தில் எல்லாம் குறித்து வைத்திருக்கிறேன். பேருந்து நிலையத்துப் பிரியாணிக் கடை பேனரில் "சுவையின் புதிய பரிமாணம்." பெற்றோர் கூட்டத்தில் தலைமையாசிரியை விஜயலட்சுமி: "இந்தப் பிரச்சனைக்குப் பல பரிமாணம் இருக்குங்க." கழிவறைக்குத் தண்ணீர் வராததுதான் அந்தப் பிரச்சனை. பார்சல் ஆபீஸ் பெண்: "டைமென்ஷன் சொல்லுங்க சார், நீளம் அகலம் உயரம்." அவள் ஒருத்திதான் சரியாகச் சொன்னாள்.

இயற்பியலில் அந்தச் சொல்லுக்கு ஒழுக்கம் உண்டு. நிறை, நீளம், காலம். எந்த அளவையும் இவற்றால் பிரித்துப் பார்க்கலாம். சமன்பாட்டின் இரு பக்கமும் பரிமாணம் ஒத்துப்போகாவிட்டால் சமன்பாடே பொய். இதைவிட நேர்மையான சோதனையை நான் பார்த்ததில்லை. மனிதர்களுக்கு இப்படி ஒன்று இருந்திருக்கலாம்.

7 மார்ச், வெள்ளி

ஆசிரியர் அறையில் விஜயலட்சுமி எல்லோர் முன்னாலும் பாலகுருவைப் பாராட்டினார். கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

"ஹபீப் சார் பாத்துடுவாருன்ற தைரியத்துலதான் ஒத்துக்கிட்டேன்" என்றான். "சைன்ஸ்ல நான் எல்கேஜி."

அடக்கத்தைக்கூட மேடையில் பேசுவதுபோல்தான் பேசுகிறான்.

10 மார்ச், திங்கள்

கட்டுரை கைக்கு வந்தது. நான்கு பக்கம்.

நன்றாக இருக்கிறது. இங்கே எழுதலாம், யாரும் படிக்கப் போவதில்லை. நன்றாக இருக்கிறது. ஒரு சுவர், ஒரு நிழல், ஒரு தண்ணீர்த் தொட்டி, இவற்றை வைத்து ஒன்று, இரண்டு, மூன்று பரிமாணங்களை ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கும் புரியும்படி சொல்லியிருக்கிறான். இந்தச் சொல்லுக்கென்றே ஒரு நோட்டை ஏழு வருடம் வைத்திருந்த எனக்கு அந்த நிழல் தோன்றவில்லை.

மூன்றாம் பக்கத்தில்தான் மாட்டினான். அவன் அக்கா பாப்பாத்தி உப்பளத்தில் அளவுக்காரி. உப்புக் குவியலின் ஒரு பக்கத்துத் தரையிலிருந்து உச்சி வழியாக மறுபக்கத்துத் தரைவரை ஒரு கயிற்றைப் போடுவாளாம். கயிற்றில் முடிச்சுகள். எத்தனையாவது முடிச்சு தரையைத் தொடுகிறதோ, அதைப் பத்தால் பெருக்கினால் மூட்டைக் கணக்கு. "ஒரே ஒரு நீளத்துக்குள் மூன்று பரிமாணமும் அடங்கிக் கிடக்கும் அதிசயத்தை எங்கள் உப்பளத்தில் பார்க்கலாம்" என்று முடித்திருக்கிறான்.

சிவப்புப் பேனாவை எடுத்தேன். "நீளத்தால் கன அளவை அளக்க முடியாது. அடிப்படைப் பரிமாணப் பிழை. இதை எழுதியவருக்குச் சொல்லின் பொருளே புரியவில்லை. கட்டுரையை ஏற்க இயலாது."

பல நாட்களுக்குப் பிறகு கையெழுத்து அழகாக விழுந்தது.

11 மார்ச்

சிவப்பு மைப் பக்கத்தை ஆசிரியர் அறையில் வைத்தே கொடுத்தேன். தனியாகக் கொடுத்திருக்கலாம்.

அவன் இரண்டு முறை படித்தான். "எங்க அக்கா பதினஞ்சு வருசமா அளக்குது சார். பொய்ச்சதில்லையே."

"அது பழக்கம். அறிவியல் இல்ல."

"நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும் சார்" என்று மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டான். சண்டை போடுவான் என்று எதிர்பார்த்தேன். பதில்கள்கூடத் தயாராக வைத்திருந்தேன். வீணாகிவிட்டன.

14 மார்ச், வெள்ளி

ஜும்ஆ தொழுகை முடிந்து வரும்போது அசோகனைப் பார்த்தேன். என் பழைய மாணவன், முப்பத்தைந்து மதிப்பெண்ணில் தேறினவன். அப்பா இறந்த பிறகு, சென்னையில் செல்போன் கடையை மூடிவிட்டு வந்து உப்பளத்தைப் பார்க்கிறான். இதுதான் அவனுக்கு முதல் கோடை.

"உன் உப்பளத்துல கயிறு போட்டு அளக்குறாங்களாமே" என்றேன்.

"ஆமா சார், பாப்பாத்திக்காதான்."

"கயிறுன்றது ஒரு நீளம். உப்புக்கு மூணு பரிமாணம் இருக்குது. மூணையும் அளக்காம எப்படிப்பா கணக்கு வரும்?"

அவன் முகம் யோசனையில் சுருங்கியது. வகுப்பில் ஒருநாளும் அப்படிச் சுருங்கியதில்லை. நல்ல ஆசிரியன் என்று என்னை நானே மெச்சிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

17 மார்ச், திங்கள்

கிடைத்துவிட்டது. குழுத் தலைவர் தொலைபேசியில் பேசினார். பாலகுருவே விலகிக்கொண்டானாம். "ஹபீப் சார் எழுதுவதே முறை" என்று எழுதியிருக்கிறானாம்.

நோன்பு திறக்கும்போது இரண்டு வடை அதிகமாகச் சாப்பிட்டேன். சுரையா காரணம் கேட்டாள். சொன்னேன்.

"அவரு எழுதுனது தப்புதானா?"

"தப்புதான்."

"அப்ப சரி" என்று கஞ்சிப் பாத்திரத்தைக் கழுவப் போய்விட்டாள். அந்த 'அப்ப சரி' எனக்குப் பிடிக்கவில்லை.

20 மார்ச்

என் கட்டுரை முடிந்தது. பிழை எதுவும் இல்லை. நான்கு பொருள்கள், ஆறு சூத்திரங்கள், ஒரு அட்டவணை.

படித்துப் பார்த்தேன். பிழை எதுவும் இல்லை. வேறு எதுவும் இல்லை.

நிழலை அவனிடமிருந்து எடுத்துப் போட்டுக்கொள்ளலாமா என்று ஒரு நிமிடம் நினைத்தேன். ஒரு நிமிடத்துக்கு மேலேயே நினைத்தேன்.

22 மார்ச், சனி

மூன்று மணி இருக்கும். வாசலில் ஒரு பெண். கால் முழங்கால்வரை உப்பு பூத்துக் காய்ந்திருந்தது. தோளில் கயிற்றுச் சுருள்.

"சார், நான் பாலகுரு அக்கா."

உட்காரச் சொன்னேன்.

"உக்கார வரல. ஒன்னு கேக்கணும். என் கயித்த நீங்க எப்ப பாத்தீங்க?"

பார்த்ததில்லை என்றேன்.

"உப்புக் குவியல?"

"பஸ்ல போறப்ப பாத்திருக்கேன்மா."

அவள் சிரிக்கவில்லை. உள்ளேயிருந்து சுரையாதான் சிரித்தாள்.

"பஸ்ல போறப்ப பாத்தே தப்புன்னு எழுதிட்டீங்க. பெரிய படிப்புதான்."

பிறகு சொன்னாள். அசோகன் டேப் வாங்கிக்கொண்டு வந்தானாம். "நீளம், அகலம், உயரம்னு மூணையும் அளந்தான். மூணையும் பெருக்குனான். போன்ல என்னமோ தட்டி நானூத்தம்பது மூட்டைன்றான். என் கயிறு பன்னெண்டாவது முடிச்சு, நூத்திருபது மூட்டை. மீதி எங்கன்னு என்னைக் கேக்குறான். எங்க சார் எடுத்துகினு போவேன், முந்தானையில முடிஞ்சுகினா? இத்தினி நாளா குறைச்சுக் காட்டிகினு வந்திருக்கேன்றான். அளவுல இருந்து எடுத்துட்டு உப்பு வாரச் சொல்லிட்டான். வார்றதுல ஒன்னும் கேவலமில்ல, கையி இருக்குது. திருடின்னு சொல்றான் பாருங்க. யார் சொன்னதுன்னா, ஹபீப் சார் சொன்னதுன்றான்."

கூம்பு அது. நீளம், அகலம், உயரம் மூன்றையும் பெருக்கினால் வருவது பெட்டி. அந்தப் பெட்டிக்குள் கூம்பு கால் பங்குக்குக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். 'பெருக்கு' என்று நான் சொல்லவில்லை. மூன்றையும் அள என்றுதான்... பெருக்கச் சொல்லாவிட்டால் மட்டும் என்ன? அவனுக்கு வேறு என்ன தெரியும்?

"கூம்புன்னு அவனுக்குத் தெரியும்னு நெனச்சேன்" என்றேன்.

"என் தம்பிக்கும் உங்களுக்கும் ஆயிரம் இருக்கும். அது எனக்கு வேணாம்." கயிற்றை இறக்கி நாற்காலியில் வைத்தாள். "இந்தா இருக்குது. கையில எடுத்துப் பாருங்க. பாத்துட்டு தப்புன்னு சொல்லுங்க, கேட்டுக்கிறேன்."

சுரையா ஒரு தூக்கில் நோன்புக் கஞ்சி ஊற்றிக் கொடுத்து வழியனுப்பினாள். என் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

23 மார்ச், ஞாயிறு

மொட்டை மாடியில் கயிற்றை நீட்டிப் போட்டு, பள்ளி ஆய்வக டேப்பால் அளந்தேன். பிழையைக் கண்டுபிடிக்கத்தான் அளந்தேன், இதையும் எழுதி வைக்க வேண்டும். முடிச்சுகளைப் பார்த்ததுமே சந்தோஷம். ஒரே இடைவெளியில் இல்லை. முதல் இரண்டு முடிச்சுகளுக்கு நடுவே இரண்டு அடி. போகப்போக நெருங்கி, கடைசி இரண்டுக்கும் நடுவே மூன்றரை அங்குலம். அளவுகோலில் கோடுகள் இப்படிக் கண்டபடி இருக்குமா?

நுனியிலிருந்து முதல் முடிச்சு: ஏழு அடி பத்து அங்குலம்.
எட்டாவது: பதினைந்து அடி ஏழு அங்குலம். முதலாவதைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு.
இருபத்தேழாவது: இருபத்து மூன்றரை அடி. மூன்று மடங்கு.

வெயிலில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

இரண்டின் கனம் எட்டு. மூன்றின் கனம் இருபத்தேழு.

கண்டபடி இல்லை. கயிற்றின் நீளம் இரு மடங்கானால் உப்பு எட்டு மடங்கு. அதைத்தான் முடிச்சுகள் சொல்கின்றன. பத்து மூட்டை கொட்டுவது, கயிற்றைப் போடுவது, தரை தொடும் இடத்தில் ஒரு முடிச்சு. இன்னும் பத்து மூட்டை, இன்னொரு முடிச்சு. இப்படித்தான் அந்தக் கயிற்றை அவள் செய்தாள் என்று பாலகுரு எழுதியிருந்தான். அந்த வரியின் மேலும் நான் சிவப்புக் கோடு போட்டிருந்தேன்.

ஏன் சரியாக வருகிறது? உப்பை எவ்வளவு கொட்டினாலும் அது ஒரே சரிவில்தான் நிற்கும். கொஞ்சம் செங்குத்தாக ஏறினால் வழிந்து இறங்கிவிடும். சிறிய குவியலும் பெரிய குவியலும் ஒரே வடிவம், அளவுதான் வேறு. சரிவின் கோணம் மாறாதபோது, ஒரு நீளம் தெரிந்தால் அகலம் தெரியும், உயரம் தெரியும், எல்லாம் தெரியும்.

கோணம். கோணத்துக்குப் பரிமாணம் இல்லை. ஒவ்வொரு வருடமும் பதினொன்றாம் வகுப்பில் இரண்டு மதிப்பெண் கேள்வியாக இதை நான் கேட்கிறேன். நிறை, நீளம், காலம் என்று தேடிக்கொண்டிருந்த எனக்கு, இவை மூன்றும் இல்லாத ஒன்று அங்கே எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டு நிற்பது தெரியவில்லை.

பாலகுருவுக்கும் ஏன் என்று தெரியாது. அதிசயம் என்றுதான் எழுதியிருந்தான். ஆனால் சரி என்று தெரிந்திருந்தது.

24 மார்ச்

குழுவுக்கு எழுதவில்லை.

25 மார்ச்

எழுதவில்லை. என் கட்டுரையில் பிழை இல்லையே. அவன் விலகியது அவன் இஷ்டம். நான் விலகச் சொன்னேனா? ஒரு வாதம் கைவசம் இருக்கிறது, வலுவான வாதம். பாப்பாத்தியின் முன்னால் நின்று இதைச் சொல்ல முடியுமா?

26 மார்ச், புதன்

"கயிறு இன்னும் மாடியிலயே கெடக்குது" என்றாள் சுரையா. அவ்வளவுதான் சொன்னாள்.

27 மார்ச், வியாழன்

உப்பளத்துக்குப் போனேன். ஐம்பத்து மூன்று வருடம் இந்த ஊரில் இருக்கிறேன், வரப்பில் நடந்தது இதுதான் முதல் தடவை. கண் கூசியது. எட்டுப் பெண்கள் பாத்தியில் பலகை வைத்து உப்பை இழுத்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் பாப்பாத்தி.

அசோகன் டேப்பை இடுப்பில் சொருகியிருந்தான். குவியலைக் காட்டி, "இது பெட்டியாப்பா, மூணையும் பெருக்குறதுக்கு?" என்றேன்.

"நீங்கதான சார் மூணு பரிமாணம்னீங்க."

"பத்தாவதுல கூம்பு படிச்சியே."

"அது கணக்கு சார் நடத்துனது. நீங்க பிசிக்ஸ்."

மண்ணில் குச்சியால் கணக்குப் போட்டுக் காட்டினேன். ஏறக்குறைய நூற்று இருபது வந்தது. கயிறு சரி என்றேன். தப்பு என்னுடையது என்றேன்.

பாத்தியிலிருந்து குரல் வந்தது. "இங்க கேக்கல சார்."

மறுபடி சொன்னேன்.

"அந்தப் பக்கம் நாலு பேரு இருக்காங்க. அவங்களுக்கும் கேக்கல."

மூன்றாவது தடவை கத்தியே சொன்னேன். "பாப்பாத்தி கயிறு சரி. நான் பாக்காம தப்புன்னு சொல்லிட்டேன்."

ஒரு பெண் சிரித்தாள். பிறகு எல்லோரும் இழுக்கத் தொடங்கினார்கள். அசோகன் கயிற்றை என்னிடமிருந்து வாங்கி, வரப்பிலிருந்து இறங்கிப் போய் அவள் கையில் கொடுத்தான். என்ன சொன்னான் என்பது என் காதில் விழவில்லை. அவள் பலகையைக் கீழே வைக்கக் கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டாள்.

29 மார்ச்

அந்தக் குவியலை லாரியில் ஏற்றிவிட்டார்களாம். நூற்றுப் பதினெட்டு மூட்டை.

30 மார்ச், ஞாயிறு

குழுவுக்கு எழுதினேன். என் மதிப்புரை தவறு, பாலகுருவின் கட்டுரையே அச்சாக வேண்டும், கயிறு ஏன் சரி என்பதற்கான நிரூபணம் இணைப்பில். என் கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். நான்கு தடவை எழுதிக் கிழித்தேன். முதல் மூன்றிலும் 'சில சூழ்நிலைகளால்' என்று ஒரு தொடர் எப்படியோ வந்து உட்கார்ந்துகொண்டது.

31 மார்ச், திங்கள். பெருநாள்

பாலகுரு வருடாவருடம் வருவார். சைவம், சேமியா பாயசம் மட்டும் குடித்துவிட்டு, சுரையாவிடம் ஏதாவது கிண்டல் பேசிவிட்டுப் போவார். இந்த வருடம் வரவில்லை. சுரையா ஒரு தம்ளரை மூடி வைத்திருந்தாள். அஸர் தொழுகைக்குப் பிறகு அவளே எடுத்துக் குடித்துவிட்டாள்.

12 ஏப்ரல், சனி

குழுவின் பதில். கட்டுரை அச்சாகிறது. என் நிரூபணம் மிகவும் நன்றாக இருப்பதால் கட்டுரையோடு சேர்க்கிறார்களாம். இருவர் பெயரும் அகரவரிசையில் வரும்.

அகரவரிசையில் ப முன்னால். ஹ கடைசி, எல்லா எழுத்துக்கும் பின்னால். அத்தா எத்தனையோ பெயர் வைத்திருக்கலாம். அஹமது என்று வைத்திருந்தால்?

காலை முழுவதும் இதையே நினைத்துக்கொண்டிருந்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். மனது திருந்திவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம்.

13 ஏப்ரல்

கயிற்றைச் செய்தது யார்? பாலகுரு பார்த்து எழுதினார். நான் பார்க்காமல் எழுதினேன், பிறகு பார்த்து எழுதினேன். பத்துப் பத்து மூட்டையாகக் கொட்டி முடிச்சுப் போட்டது யார்?

மூன்றாவதாக ஒரு பெயர் சேர்க்கக் கேட்டுக் குழுவுக்குக் கடிதம் எழுதினேன். நியாயத்துக்காகத்தான் எழுதினேனா? பாதி. பாப்பாத்தி என்ற பெயர் அகரவரிசையில் பாலகுருவுக்கு முன்னால் வருகிறதா என்று இரண்டு தடவை சரிபார்த்த பிறகுதான் உறையை ஒட்டினேன்.

9 ஜூன், திங்கள்

பள்ளி திறந்து ஒரு வாரம். அச்சுக்கு முன் சரிபார்க்கக் கட்டுரையின் மெய்ப்பு தபாலில் வந்தது. தலைப்புக்குக் கீழே மூன்று பெயர்கள்: பாப்பாத்தி, பாலகுரு, ஹபீப் முஹம்மது. முடிச்சுகளை ஓவியர் சரியான இடைவெளியில் வரைந்திருக்கிறார். அளந்து பார்த்தேன்.

இடைவேளையில் பாலகுருவின் மேசைக்குப் போனேன். மார்ச்சுக்குப் பிறகு இரண்டு பேரும் 'குட்மார்னிங்'குக்கு மேல் பேசியதில்லை. தாளை முன்னால் வைத்தேன். நிதானமாகப் படித்தார். நிரூபணம் இருந்த பக்கத்தில் வரிவரியாக விரலை ஓட்டினார்.

"கோணந்தானா சார்? இத்தினி வருசமா பாத்துகினே இருந்தேன், தோணல."

"எனக்கும்தான்."

பிறகு முதல் பக்கத்துக்குத் திரும்பினார். "இன்னா சார், எங்க அக்கா என்னைத் தாண்டிகினு முன்னாடி போயிட்டா."

"அகரவரிசை" என்றேன்.

என் முகத்தைப் பார்த்தார். "நான் ரெண்டாவதா வந்ததுல உங்களுக்குக் கொஞ்சம் சந்தோஷம்தான?"

"கொஞ்சம் இல்ல."

சத்தமாகச் சிரித்தார். விஜயலட்சுமி தன் அறையிலிருந்து எட்டிப் பார்த்தார். பாலகுரு பிளாஸ்க்கைத் திறந்து, மூடியில் பாதி டீ ஊற்றி என் பக்கம் தள்ளினார். சர்க்கரை அதிகம். நின்றுகொண்டே குடிக்கலாம் என்று இருந்தேன். நாற்காலியை இழுத்துப் போட்டார்.